டொக்யாட் துவக்கு

ரொறன்ரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதனுடன் ஏழு புகைப்படங்கள். கடிதத்தில் இரண்டே வரிகள்: "ஐயா, இது எங்கள் பாட்டனாரின் கைத்துவக்கு. இப்போது திருகோணமலையில் மாமியிடம் இருக்கிறது. உண்மையானதா, என்ன விலை பெறும் என்று சொல்ல முடியுமா?"

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் வேலை பார்ப்பவனிடம் மக்கள் எதையும் கேட்பார்கள். காணி உறுதியைச் சரிபார்க்கச் சொல்வார்கள். சாதகப் பொருத்தம் பார்க்கச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் துவக்கின் விலையை ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. வேண்டாத வேலை என்று விட்டுவிடத்தான் எண்ணினேன். நான்காவது படத்தில் இருந்த ஒரு தழும்பு விடவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் துவக்கு என்கிறோம், தமிழகத்தார் துப்பாக்கி என்கிறார்கள், சிங்களவர் துவக்குவ என்கிறார்கள். மூன்றுக்கும் வேர் துருக்கி மொழிச் சொல் ஒன்றுதான். பொருளை இறக்குமதி செய்தவர்கள் பெயரையும் சேர்த்து இறக்குமதி செய்துகொண்டோம். அதன் பின் அந்தப் பெயருக்காக ஒருவரோடொருவர் பட்ட பாடு உலகம் அறியும்.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் பழைய ஆயுதம் ஒன்று கிடப்பது அதிசயமே அல்ல. போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டினார்கள். 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையுடன் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1660இல் கொட்டியாரக் கரையில் இறங்கிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் கழித்தார். 1782ஆம் ஆண்டைப் பாருங்கள். சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்தனர். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரென் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே மோதின. ஒரே ஆண்டில் மூன்று கொடிகள். 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர், சுதந்திரத்துக்குப் பிறகும் 1957 வரை கடற்படைத் தளத்தை விடாமல் வைத்திருந்தார்கள். இத்தனை பேர் வந்து போன இடத்தில் ஒரு கைத்துவக்கு மிஞ்சாமல் போனால்தான் ஆச்சரியம்.

ஆகவேதான் கதைகளும் மிஞ்சிவிட்டன. பிரெட்ரிக் கோட்டைக்குள், மான்கள் மேயும் வழியில், வெலிங்டன் இல்லம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. பிற்காலத்தில் வோட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆதர் வெல்லெஸ்லி 1801 தொடக்கத்தில் திருகோணமலையில் படையெடுப்பு ஒன்றுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பின்னர் பம்பாயில் நோயுற்றதால் அவர் ஏறாமல் விட்ட கப்பல் கடலில் மூழ்கிப்போனது. இது வரலாறு. ஆனால் வெலிங்டன் பிரபுவின் துவக்கு, வெலிங்டன் பிரபுவின் வாள் என்று எனக்குச் சிறுவயது முதல் காட்டப்பட்டவற்றை எல்லாம் அவர் உண்மையில் விட்டுச் சென்றிருந்தால், மனிதர் வெறுங்கையோடுதான் ஊர் திரும்பியிருக்க வேண்டும். பழம்பொருள் வியாபாரத்தில் ஒரு பொருளை வாங்குகிறவன் பெரும்பாலும் கதையைத்தான் வாங்குகிறான். அந்தக் கதைக்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் அதற்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது.

ஆதாரம் இருந்தால் நிலைமை தலைகீழ். 2024 யூலையில் பாரிசுக்கு அருகே பொன்தேன்புளோவில் நெப்போலியனின் இரண்டு கைத்துவக்குகள் ஏலத்துக்கு வந்தன. 1814இல் பதவி துறக்க நேர்ந்தபோது இவற்றால் உயிரை மாய்த்துக்கொள்ள அவர் எண்ணினார் என்றும், அருகில் இருந்தவர்கள் வெடிமருந்தை அகற்றிவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. பின்னர் அவற்றைத் தம்மோடு நின்ற கொலென்கூருக்குக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தின் வழியாகவே அவை கைமாறி வந்தன. விற்ற விலை 16 இலட்சத்து 90 ஆயிரம் யூரோ. ஏலத்துக்குச் சற்று முன்னதாகப் பிரெஞ்சு அரசு அவற்றைத் தேசியச் செல்வம் என்று அறிவித்து, நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதித்தது. 2025 ஒக்டோபரில் லண்டனில் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட சோடித் துவக்குகள் 11 இலட்சம் பவுணுக்கு விலைபோயின. இரண்டு விற்பனைகளிலும் பணம் பெற்றது இரும்பும் மரமும் வெள்ளியும் மட்டுமல்ல. இது இன்னாருடையது, இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்கு வந்தது என்ற தொடர் அறாமல் இருந்ததே பெரும்பங்கு விலை.

நம் நாட்டிலேயே இதற்கு அருமையான சான்று உண்டு. லெவ்கே திசாவை என்ற பிரதானி 1745-46 அளவில் கண்டி மன்னனுக்குக் காணிக்கையாக அளித்த சிறிய பீரங்கி அது. வெண்கலம், வெள்ளி, பொன், மாணிக்கக் கற்கள். மேலே சூரியன், சந்திரன், சிங்கம். அப்போது கண்டியில் ஆட்சியில் இருந்தது மதுரை நாயக்கர் வழி வந்த சிறீ விஜய இராசசிங்கன் என்பதைத் தமிழ் வாசகர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். 1765இல் ஒல்லாந்துக் கம்பனியின் ஆளுநர் வான் எக் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது பீரங்கியும் போயிற்று. ஆம்ஸ்ரடாமின் ரைக்ஸ் நூதனசாலையில் அது இருந்த காலத்தில், எப்படி அங்கே வந்தது என்ற கேள்வியை இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அமர்ந்து ஆவணங்களைப் புரட்டித் தீர்த்தார்கள். கொள்ளைப் பொருள்தான் என்று முடிவாகி, வாள்கள், கத்தி, இரண்டு பெருந்துவக்குகள் உட்பட ஆறு பொருட்கள் 2023 டிசெம்பரில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குத் திரும்பி வந்தன. அந்த ஆய்வு பீரங்கியின் சந்தை விலை என்ன என்று ஓரிடத்திலும் கவலைப்படவில்லை. எங்கிருந்து எவர் கையால் எடுக்கப்பட்டது என்றே கேட்டது.

இனி மாமியின் துவக்குக்கு வருகிறேன். கடந்த சித்திரை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது நேரிலே பார்த்தேன். மாமிக்கு எண்பதைத் தாண்டிய வயது. அவருடைய தகப்பனார், அதாவது ரொறன்ரோ அன்பரின் பாட்டனார், வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் தளத்தில் பிற்றராக வேலை பார்த்தவர். தளம் கைமாறிய நாட்களில், பழைய களஞ்சியத்தை ஒதுக்கும்போது, இரும்புக் குப்பையில் வீசப்பட்ட இதை ஒரு அதிகாரியிடம் கேட்டு எடுத்து வந்தாராம். இது குடும்பம் சொல்லும் கதை. அக்கம்பக்கத்தாரின் கதை வேறு. கண்டி ராசாவின் துவக்கு என்று ஒருவர் அடித்துச் சொன்னார்.

கண்டி ராசாவுடையது அல்ல என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சிங்களக் கம்மாளர் செய்த துவக்குகளுக்கென்று தனி முகம் உண்டு. உலகெங்கும் துவக்கின் பொறியை வலப்பக்கத்தில் வைக்க, இவர்கள் பலவற்றில் இடப்பக்கத்தில் வைத்தார்கள். பிடியின் அடி இரண்டு சுருளாக வளைந்திருக்கும். குழலிலும் மரத்திலும் கொடிவேலை படர்ந்திருக்கும். மாமியின் துவக்கில் கொடியும் இல்லை, சுருளும் இல்லை. வலப்பக்கப் பொறி, பித்தளை மூடி போட்ட மொத்தமான பிடி, அலங்காரம் சிறிதும் அற்ற குழல். பொறித்தட்டில் ஒரு முடியும், அதன் கீழ் ஜீ.ஆர். என்ற ஆங்கில எழுத்துகளும், பக்கத்தில் டவர் என்ற சொல்லும்.

இந்த டவர் என்ற சொல்லைக் கண்டதும் ஏமாறுகிறவர்கள் இரண்டு வகை. லண்டன் கோபுரத்தில் செய்த அரிய பொருள் என்று மகிழ்கிறவர்கள் ஒரு வகை. இந்தச் சொல் இருந்தாலே போலிதான் என்று ஒதுக்குகிறவர்கள் மறு வகை. அரசாங்கத்துக்காகப் பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்து வாங்கிய உறுப்புகளைக் கோர்த்த ஆயுதங்களுக்கு இட்ட முத்திரை அது, ஆயிரக்கணக்கில் உண்டு. அதனாலேயே உலகில் அதிகம் போலி செய்யப்பட்ட முத்திரையும் அதுவே. எல்லைப்புறத்து தர்ரா, கைபர் பக்கத்துக் கொல்லர்கள் ஆங்கிலம் தெரியாமலே அதைப் பார்த்து வெட்டினார்கள். எழுத்துத் திரும்பியிருக்கும், அல்லது ஒன்று குறைந்திருக்கும். இன்று இந்தியாவில் அலங்காரத்துக்கும் நாடகத்துக்குமாகச் செய்து மேல்நாடுகளுக்கு அனுப்பப்படும் படிகளிலும் அதே முத்திரைதான். அவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெடிமருந்துக் கிண்ணத்திலிருந்து குழலுக்குள் நெருப்புப் போகும் சிறு துளையைத் தேடுங்கள். பல படிகளில் அது இருக்காது. துளையிட்டால் அது ஆயுதமாகிச் சட்டச் சிக்கல் வரும் என்பதால் துளையிடாமலே விற்பார்கள்.

மாமியின் துவக்கில் துளை இருந்தது. இருந்ததோடு, பல நூறு முறை நெருப்புக் கக்கித் தேய்ந்து அகன்றும் இருந்தது. அந்தத் தேய்வைப் போலி செய்வது கடினம். ஆண்டு எதுவும் பொறித்தட்டில் வெட்டப்படவில்லை. இது குறை அல்ல. 1764 முதல் ஆங்கில அரசு தன் துவக்குப் பொறிகளில் ஆண்டையும் செய்தவர் பெயரையும் வெட்டுவதை நிறுத்திவிட்டது. டவர் 1790 என்று தெளிவாக எழுதியிருக்கும் துவக்கு யாராவது கொண்டுவந்தால்தான் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.

இனி அந்தத் தழும்பு. இடப்பக்கத்து மரத்தில் ஐந்தாறு அங்குல நீளத்துக்கு ஒரு நேரான பள்ளம், விரல் நுனியால் உணரக்கூடிய அளவு. கடற்படை மாலுமிகளுக்குக் கொடுத்த கைத்துவக்குகளில் இடப்பக்கம் ஒரு நீண்ட இரும்புக் கொக்கி இருக்கும். எதிரிக் கப்பலில் பாய்ந்து ஏறும்போது இரண்டு கையும் வேண்டும்; துவக்கை இடுப்புப் பட்டியில் கொக்கியால் மாட்டிக்கொள்வார்கள். இதில் கொக்கி போய்விட்டது. அது நூறாண்டு அழுத்திய தடம் மட்டும் மரத்தில் நிற்கிறது. கள்ளச்சரக்குச் செய்கிறவன் கொக்கியைச் செய்து மாட்டுவான். தொலைந்துபோன கொக்கியின் தடத்தைச் செய்ய மெனக்கெட மாட்டான்.

இத்தனையும் இருந்தும் முழுப் புள்ளி கொடுக்க முடியவில்லை. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் சுத்தி, தட்டுடன் ஒட்டவில்லை. வேறொரு துவக்கிலிருந்து பிடுங்கிப் பொருத்தியது. திருகாணிகளில் ஒன்று மிகப் பிற்காலத்தது. டொக்யாட் பிற்றர் ஒருவர் வீட்டில் இருந்த பொருள் அல்லவா, சும்மா விட்டிருப்பாரா! குழலின் ஒரு பக்கம் மட்டும் அம்மை விழுந்த முகம் போல அரித்திருந்தது. ஏன் என்று கேட்டேன். மாமி சொன்னார்: "எண்பத்தஞ்சில அம்மா மெழுகுச் சீலையில சுத்திக் கிணத்தடியில தாட்டுப்போட்டா தம்பி. சுற்றிவளைப்பில ஒரு கத்தி கண்டாலே விடமாட்டாங்கள், இதைக் கண்டா?"

இந்தப் பதிலுக்குப் பிறகு சற்று நேரம் நான் எதையும் அளக்கவில்லை. அந்தக் காலத்தில் இப்படிக் கிணற்றிலும் கடலிலும் மலசலகூடக் குழியிலும் போடப்பட்டவை எத்தனை என்று யாருக்கும் கணக்கில்லை. பாட்டனின் வேட்டைத் துவக்கு, சண்டையில் இறந்த வெள்ளையனின் வாள், கோவில் வெடிக்குழாய், எல்லாம் ஆயுதம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. பொருட்கள் மட்டும் போகவில்லை. எது எப்படி வந்தது என்று சொல்லும் கடிதங்களும் வேலைப் பத்திரங்களும் புகைப்படங்களும் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. 1990இல் இந்தக் குடும்பம் வீட்டை விட்டு ஓடியபோது பாட்டனாரின் டொக்யாட் அடையாள அட்டை இருந்த இரும்புப் பெட்டியும் போயிற்று. புதைத்ததால் துவக்கு தப்பியது. அதன் சாட்சி தப்பவில்லை.

கொலென்கூரின் குடும்பம் இருநூறு ஆண்டு ஒரே தாள்களைப் பாதுகாக்க முடிந்தது. எங்கள் குடும்பங்களுக்கு இருபது ஆண்டுகூட அது வாய்க்கவில்லை. ஏலக்காரர்கள் கேட்கும் அறாத தொடர் என்பது அமைதியாக வாழ்ந்தவர்களின் சொத்து என்று எனக்கு அப்போது தோன்றியது.

விலையைச் சொல்லியாக வேண்டும், கேட்டவர் காத்திருக்கிறார். இந்த வகைக் கடற்படைத் துவக்கு குறையின்றி இருந்தால் இங்கிலாந்து ஏலங்களில் இரண்டாயிரம் பவுண் அளவுக்குப் போகும். சுத்தி மாறியது, கொக்கி தொலைந்தது, குழல் அரித்தது என்ற நிலையில் சில நூறு பவுண். இதில் இன்னொரு கொடுமை. வெளிநாட்டு மருமகன் விலை கேட்கிறான் என்று அறிந்ததும் மாமி பித்தளைப் பாகங்களை எல்லாம் பிராசோ போட்டுக் கண்ணாடி போலத் துலக்கி வைத்திருந்தார்! இருநூறாண்டு படிந்த நிறம் ஒரு பிற்பகலில் போய்விட்டது. வாசகர்களில் எவரிடமாவது பழைய உலோகப் பொருள் இருந்தால் மன்றாடிக் கேட்கிறேன்: துலக்காதீர்கள், அரத்தாள் தேய்க்காதீர்கள், எலுமிச்சம்புளி பூசாதீர்கள். தூசு தட்டி உலர்ந்த இடத்தில் வையுங்கள். வாங்க வருகிறவரிடம் விலை கேட்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மதிப்பிடுகிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் பொருள் எப்போதும் போலியாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தச் சில நூறு பவுணும் காகிதக் கணக்குத்தான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்டது என்று நியாயமாகக் கருதத்தக்க பொருள் தொல்பொருள். உத்தரவுப் பத்திரமின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அந்தத் திகதி கண்டி ஒப்பந்தத்தின் திகதி. கடைசித் தமிழ்வழி அரசன் முடி இழந்த நாளே பழமைக்கும் புதுமைக்கும் எல்லைக்கோடு. ஜீ.ஆர். முத்திரை 1830 வரை ஜோர்ஜ் பெயர் கொண்ட மன்னர்கள் நால்வருக்கும் பொது. அதை வைத்து முடிவு செய்ய முடியாது. குழல் 12 அங்குலம் என்பதே துப்பு. 9 அங்குலக் குட்டைக் குழல்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கடற்படைக்கு வந்தன. ஆகவே இது 1815க்கு முற்பட்டது என்றே நான் கருதுகிறேன். மருமகனின் பயணப்பெட்டியில் இது ரொறன்ரோ போகக்கூடாது. அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பது பற்றி வேறு சட்டமும் இருக்கிறது என்பதை நினைவூட்டினேன்.

அப்படியானால் தொல்பொருள் அதிகாரிகளிடம் அறிவிப்பதுதானே முறை? முறைதான். நானும் அதைத்தான் சொன்னேன். மாமி கேட்டார்: "குடுத்தா, எங்கட அப்பாவின்ர எண்டு எழுதி வைப்பாங்களா? இல்லாட்டி எடுத்துக்கொண்டு போய் வேற கதை எழுதுவாங்களா?"

இந்தக் கேள்விக்கு இலகுவில் விடை சொல்ல முடியாது. கிழக்கு மாகாணத்தில் தொல்பொருள் என்ற சொல் மக்களிடம் எழுப்பும் உணர்வு ஆர்வம் அல்ல, அச்சம். 2020 யூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்காக ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. தன் வயலில் பழைய செங்கல் ஒன்று கிளம்பினால் அதை மறைத்துவிடத் துடிக்கும் விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். செங்கல்லைத் தொடர்ந்து எல்லைக் கல் வரும் என்று அவன் பயப்படுகிறான். விளைவு, மறைக்கப்படும் ஒவ்வொரு பொருளுடனும் அந்த மண்ணின் சாட்சி ஒன்று அழிகிறது. அது எவருடைய சாட்சியாகவும் இருக்கலாம்.

இருந்தும் நான் ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. ஆம்ஸ்ரடாமிலிருந்து பீரங்கி திரும்பியது, பறித்தவர் தரப்பும் பறிகொடுத்தவர் தரப்பும் ஒரே மேசையில் ஒரே கடதாசியைப் படித்ததால். அந்த மரியாதையை ஒல்லாந்திடம் கேட்டுப் பெற்ற அரசு, அதே மரியாதையைத் தன் திருகோணமலைப் பிரசைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. பொருளைக் கையேற்கும்போது தமிழில் ஒரு பற்றுச்சீட்டு. யாரிடமிருந்து, எந்த வீதியில், எந்தக் கதையோடு வந்தது என்று பதிவில் நாலு வரி. கொண்டுவந்தவரைக் குற்றவாளியாக நடத்தாத ஓர் அலுவலர். உள்துறைமுகத்தோரம் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில், ஒல்லாந்தின் உதவியோடு 2013 முதல் கடல்சார் நூதனசாலை ஒன்று இயங்குகிறது. இந்தத் துவக்கு இருக்க வேண்டிய இடம் அது. அட்டையில் ஆங்கிலக் கடற்படைக் கைத்துவக்கு என்று மட்டும் எழுதாமல், டொக்யாட் தொழிலாளி ஒருவர் எடுத்து வைத்தது, 1985இல் புதைக்கப்பட்டது என்றும் எழுதினால்.

ரொறன்ரோ அன்பருக்கு இவையனைத்தையும் எழுதி அனுப்பினேன். "அப்ப ஒண்டும் பெறாது, என்ன அண்ணை?" என்று பதில் வந்தது. கோபமில்லை, அவர் அந்த வீட்டை விட்டுப் போனபோது அவருக்கு ஆறு வயது. இரண்டு நாள் கழித்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அவரிடம் ஒரு பழைய படம் இருக்கிறதாம். தளத்து வாசலில் பத்துப் பன்னிரண்டு தொழிலாளர் நிற்கும் படம், பின்புறம் 1956 என்று மையால் எழுதியிருக்கிறதாம். இரண்டாவது வரிசையில் நிற்பவர் பாட்டனார். தாயார் லண்டன் வழியாகக் கனடா வந்தபோது கொண்டுவந்த கைப்பையில் இருந்ததாம்.

அந்தப் படத்தை இருபுறமும் பிரதி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாமி சொன்னதை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, அவருடைய கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் கூட வரச் சம்மதித்திருக்கிறார். வரும் ஆவணியில் மூவரும் போவதாக ஏற்பாடு. அதுவரை துவக்கு சட்டத்தரணி சொன்னபடி வைத்த இடத்திலேயே இருக்கும். பிராசோப் போத்தலை மட்டும் மாமியிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.